எது எதற்குச் சமன்? - தூரம், கதி, நேரக் கணக்குகளின் நீண்ட கதை

தரம் 10, 11 வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விடயம் இது. இருபடிச் சமன்பாடு ஒன்றைக் கரும்பலகையில் எழுதித் "தீர்க்க" என்று சொன்னால் பிள்ளை தீர்த்துவிடுகிறது. அதே சமன்பாடு ஒரு வாகனம், ஒரு பயணம், ஒரு மணித்தியாலத் தாமதம் என்று வசனத்தில் வந்தால் பேனை நின்றுவிடுகிறது. சில பிள்ளைகள் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள்.

"சூத்திரம் தெரியாது போல" என்று வீட்டில் நினைக்கிறார்கள். சூத்திரம் தெரியாத பிள்ளையே இல்லை. தூரம் மேலே, கதியும் நேரமும் கீழே என்று ஒரு முக்கோணம் கீறி, தேவையானதை விரலால் மறைத்து விடை எடுக்கும் வித்தை எல்லா வகுப்பிலும் உண்டு. ஒரே ஒரு பயணம், அதில் இரண்டு விடயம் தந்து மூன்றாவதைக் கேட்டால் அந்த முக்கோணம் போதும். இரண்டு பேர் பயணம் செய்யும்போது, அல்லது ஒருவரே இரண்டு விதமாகப் பயணம் செய்யும்போது, முக்கோணம் கை விரித்துவிடுகிறது.

அப்படியானால் பிள்ளைக்கு இல்லாமற் போனது எது? இந்தக் கணக்குகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் விடை கிடைக்கிறது. கொஞ்சம் நீண்ட பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

சீனாவிலிருந்து ஆரம்பிப்போம். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் ஹான் அரசர் காலத்தில் தொகுக்கப்பட்ட ஒரு கணித நூல் இருக்கிறது. "ஒன்பது அத்தியாயங்கள்" என்பது அதன் பெயர். கி.பி. 263இல் லியூ ஹுய் என்ற அறிஞர் அதற்கு உரை எழுதினார். அதன் ஆறாவது அத்தியாயத்தில் வரும் ஒரு கணக்கை எங்கள் சொற்களில் சொல்கிறோம்.

ஒரு விருந்தாளி குதிரையில் புறப்படுகிறார். அவருடைய குதிரை ஒரு நாளில் 300 லீ போகும் (லீ என்பது சீனர்களின் தூர அளவு). அவர் தனது உடையை மறந்து விட்டுப் போய்விட்டார். நாளில் மூன்றில் ஒரு பங்கு கழிந்த பிறகுதான் வீட்டுக்காரர் அதைக் காண்கிறார். உடனே உடையை எடுத்துக்கொண்டு தனது குதிரையில் துரத்துகிறார். விருந்தாளியைப் பிடித்து, உடையைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது நாளில் நான்கில் மூன்று பங்கு கழிந்திருந்தது. வீட்டுக்காரரின் குதிரை ஒரு நாளில் எவ்வளவு தூரம் ஓடும்?

இன்றைக்கும் இது நல்ல கணக்கு. வீட்டுக்காரர் போய் வர எடுத்தது ¾ இலிருந்து ⅓ போக மீதி, அதாவது ஒரு நாளின் 5/12 பங்கு. போக மட்டும் அதில் பாதி, 5/24. ஆகவே விருந்தாளி பிடிபடும்போது அவர் புறப்பட்டு ⅓ உம் 5/24 உம் சேர்ந்த 13/24 நாள் ஆகிவிட்டது. இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். உடை கைமாறிய அந்த இடத்தில் இருவரும் வீட்டிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கிறார்கள். விருந்தாளி 13 பங்கு நேரத்தில் போன தூரத்தை வீட்டுக்காரர் 5 பங்கு நேரத்தில் போயிருக்கிறார். 300ஐ 13ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 780 லீ. நூலில் உள்ள விடையும் அதுதான்.

இந்தக் கணக்கைத் திறந்த சாவி எது? சூத்திரம் இல்லை. "இருவர் போன தூரமும் சமன்" என்ற ஒரு வசனம். கேள்வியில் அந்த வசனம் எங்கேயும் எழுதப்படவில்லை. வாசித்து, மனதில் படம் பிடித்து, நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

இனி இந்தியாவுக்கு வருவோம். கி.பி. 499ஐச் சேர்ந்த ஆரியபட்டரின் நூலில், கணிதப் பகுதியில், இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு பொருட்களுக்கு இடையிலான தூரத்தைக் கதிகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரே திசையில் போகின்றவையென்றால் கதிகளின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது சந்திக்கும் நேரம். ஆரியபட்டருக்கு வாகனங்களைப் பற்றிய கவலை இல்லை. வானத்தில் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கும் கோள்களின் கணக்கு அவருக்குத் தேவைப்பட்டது. கோளுக்கும் குதிரைக்கும் கணக்கு ஒன்றுதான்.

ஐரோப்பாவில் இந்தக் கணக்கு நாயும் முயலுமாக வந்தது. கி.பி. 804இல் காலமான அல்குயின் என்ற கல்விமானின் பெயரில் வழங்கும் ஒரு புதிர்த் தொகுப்பு உண்டு. இளைஞர்களின் அறிவைக் கூர்மையாக்குவதற்கு என்றே தொகுக்கப்பட்டது. அதில் முயலுக்கும் நாய்க்கும் இடையில் 150 அடி தூரம். முயல் ஒரு பாய்ச்சலில் 7 அடி, நாய் 9 அடி. ஒவ்வொரு பாய்ச்சலிலும் இடைவெளி 2 அடி குறைகிறது. 150ஐ 2ஆல் வகுத்தால் 75 பாய்ச்சல். நாய் ஓடியது 675 அடி, முயல் ஓடியது 525 அடி. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 150 அடி.

கவனித்தீர்களா? இந்த மூன்று இடத்திலும் "தூரம் = கதி × நேரம்" என்ற சூத்திரம் எழுதப்படவில்லை. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. பழைய கிரேக்கக் கணித மரபில் ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு கணியங்களுக்கு இடையில்தான் விகிதம் சொல்லலாம். தூரத்துக்கும் தூரத்துக்கும் விகிதம் உண்டு. நேரத்துக்கும் நேரத்துக்கும் உண்டு. தூரத்தை நேரத்தால் வகுப்பது அந்த மரபில் பொருளற்ற காரியம். அந்தப் பழக்கம் எவ்வளவு காலம் நீடித்தது என்றால், 1638இல் கலிலியோ இயக்கத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில்கூட சீரான இயக்கத்தின் விதிகள் எல்லாம் விகிதசமனாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் ஒரு வரியில் எழுதும் சூத்திரம் அங்கே பல தேற்றங்களாக விரிகிறது.

அதாவது சூத்திரம் கையில் இல்லாமலேயே மனிதர்கள் பல நூற்றாண்டுகள் இந்தக் கணக்குகளைச் சரியாகச் செய்தார்கள். "ஒரு நாளில் இவ்வளவு", "ஒரு பாய்ச்சலில் இவ்வளவு" என்ற பேச்சு வழக்கே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். எது எதற்குச் சமன் என்று தேடினார்கள்.

ஆனால் அந்த வழியில் ஒரு கஷ்டம் இருந்தது. ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொரு தந்திரம் வேண்டும். துரத்தும் கணக்குக்கு ஒன்று, சந்திக்கும் கணக்குக்கு இன்னொன்று. எல்லாக் கணக்குக்கும் பொதுவான ஒரு வழி இல்லையா?

அந்தப் பொது வழியைத் தனி ஒரு கலையாக ஒழுங்குபடுத்தித் தந்த இடம் பாக்தாத். காலம் கலீபா மஃமூனின் ஆட்சிக்காலம், கி.பி. 813 முதல் 833 வரை. பைத்துல் ஹிக்மாவோடு தொடர்புடைய அறிஞரான முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி, அல்-ஜப்ர், அல்-முகாபலா பற்றிய தனது நூலை எழுதினார். வாரிசுரிமைப் பங்கீடு, வழக்கு, வியாபாரம், நில அளவை என்று மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்குகளுக்காகவே அதை எழுதுவதாக அவர் சொல்கிறார். நூலின் பெரும் பகுதி மரண சாசனமும் வாரிசுப் பங்கும் பற்றிய கணக்குகளே. இன்றைக்கு நாம் வசனக் கணக்கு என்று ஒதுக்கி வைக்கும் அதே இனம்தான்! அட்சரகணிதம் முதலில் பிறந்து பிறகு வசனக் கணக்குக்குப் பிரயோகிக்கப்படவில்லை. வசனக் கணக்கின் மடியில்தான் அது வளர்ந்தது.

அவர் செய்த முதல் வேலை, தெரியாததற்கு ஒரு பெயர் வைத்தது. அந்த மரபில் தெரியாக்கணியத்தை "ஷைஃ" என்றார்கள். "ஒரு பொருள்" என்று அர்த்தம். அது என்ன என்று தெரியாது, ஆனால் தெரிந்ததைப் போலவே அதைக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம். இரண்டாவது வேலை, சமனான இரண்டு பக்கங்களை வைத்து என்னென்ன செய்யலாம் என்று விதி சொன்னது. ஒரு பக்கத்தில் கழிபட்டுக் குறையாக நிற்பதை மறுபக்கத்துக்கும் சேர்த்து முழுமையாக்குவது அல்-ஜப்ர். முறிந்த எலும்பைப் பொருத்தி வைப்பதற்கும் அரபியில் இதே சொல்தான். இரண்டு பக்கத்திலும் ஒரே இனமாக இருப்பவற்றை நேருக்கு நேர் வைத்துச் சமமாக நீக்குவது அல்-முகாபலா.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. அந்த நூலில் ஒரு குறியீடுகூட இல்லை. சமன் குறி இல்லை, கூட்டல் குறி இல்லை. எல்லாம் வசனம். "ஒரு வர்க்கமும் அதன் மூலத்தின் பத்து மடங்கும் சேர்ந்து 39க்குச் சமன்" என்ற போக்கில்தான் அவருடைய புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது. இந்த உதாரணத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வரும்.

1145இல் செஸ்டரைச் சேர்ந்த ரொபர்ட் என்பவர் இந்த நூலை இலத்தீனுக்கு மொழிபெயர்த்தார். "ஷைஃ" இத்தாலியில் "கோசா" ஆனது. அதற்கும் "பொருள்" என்றுதான் அர்த்தம். குறியீடுகள் மெதுவாகத்தான் வந்தன. இன்று நாம் போடும் சமன் குறியை 1557இல் வேல்ஸ் நாட்டவரான ரொபர்ட் ரெக்கோர்ட் அச்சில் கொண்டுவந்தார். நீளம் ஒத்த இரண்டு சமாந்தரக் கோடுகளைவிடச் சமனான வேறு இரண்டு பொருட்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். 1591இல் பிரான்சின் வியட்டா தெரிந்த கணியங்களுக்கும் தெரியாத கணியங்களுக்கும் எழுத்துக்களைப் பாவித்தார். 1637இல் டேக்கார்ட் எழுதிய நூலுக்குப் பிறகுதான் இன்று நாம் பாவிக்கும் "எக்ஸ்" நிலைபெற்றது. ஆக, எங்கள் பிள்ளைகள் முதற் பாடமாகப் படிக்கும் குறியீடு, வரலாற்றில் கடைசிப் பாடமாக வந்தது. வசனத்தில் சிந்தித்த பிறகுதான் மனிதன் எழுத்தில் சுருக்கினான்.

சரி, புகையிரதம் எப்போது கணக்குப் புத்தகத்துக்குள் வந்தது? 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அட்சரகணித நூல்களில் ஒருவரையொருவர் துரத்தியவர்கள் குதிரையில் போன தபால்காரர்கள். 1830இல் லிவர்பூல்-மான்செஸ்டர் பாதை திறக்கப்பட்ட பிறகு உலகம் மாறியது. குதிரை களைக்கும், மனிதன் கடையில் நிற்பான். நேர அட்டவணைப்படி ஓடும் இயந்திரம் "சீரான கதி" என்ற சொல்லுக்கு ஓரளவு உண்மையான அர்த்தம் கொடுத்தது. எங்கள் நாட்டில் முதலாவது புகையிரதம் 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. தூரம் 54 கிலோமீற்றர்.

"இரண்டு புகையிரதம் எங்கே சந்திக்கும் என்று தெரிந்து எங்களுக்கு என்ன பயன் சேர்?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. மட்டக்களப்புக்குப் புகையிரதத்தில் போனவர்களுக்கு விடை தெரியும். வழியில் ஒரு நிலையத்தில் வண்டி நிற்கும். எதிரே வரும் வண்டி கடந்து போன பிறகுதான் புறப்படும். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் சந்திக்கும் இடம் நிலையமாகத்தான் இருக்க வேண்டும். நடுக் காட்டில் சந்திக்கக் கூடாது. நேர அட்டவணை தயாரிப்பவருக்கு ஆரியபட்டரின் விதி உயிர் காக்கும் விதி.

இவ்வளவு வரலாறும் சொன்னதன் நோக்கத்துக்கு வருகிறோம்.

1980ஆம் ஆண்டளவில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?" 97 பிள்ளைகளில் 76 பேர் தரப்பட்ட எண்களைக் கூட்டியோ கழித்தோ ஒரு விடை எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. கணக்கு என்றால் எண்களைப் பொறுக்கி எடுத்து ஏதாவது செய்ய வேண்டும் என்று பழக்கப்பட்டவர்கள். கேள்வி என்ன சொல்கிறது என்று பார்க்கப் பழக்கப்படவில்லை.

முக்கோணம் கீறும் பழக்கத்தின் ஆபத்தும் இதுதான். ஓர் ஊருக்குப் போகும்போது மணிக்கு 40 கிலோமீற்றர், வரும்போது மணிக்கு 60. சராசரிக் கதி என்ன? எண்களைப் பொறுக்கும் பிள்ளை 50 என்று எழுதும். என்ன நடக்கிறது என்று பார்க்கும் பிள்ளைக்கு, மெதுவாகப் போன பயணத்தில் அதிக நேரம் செலவானது தெரியும். தூரம் 120 என்று வைத்துப் பாருங்கள். போக 3 மணித்தியாலம், வர 2. மொத்தம் 240 கிலோமீற்றருக்கு 5 மணித்தியாலம். சராசரி 48.

இனி சாதாரண தர மட்டத்தில் ஒரு கணக்கு. ஒரு வேன் 120 கிலோமீற்றர் தூரத்தைச் சீரான கதியில் கடக்கிறது. அதன் கதி மணிக்கு 10 கிலோமீற்றர் கூடியிருந்தால் ஒரு மணித்தியாலம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருக்கும். வேனின் கதி என்ன?

முதலில் வசனம். இங்கே எது எதற்குச் சமன்? தூரம் இரண்டுக்கும் ஒன்றுதான், அது கேள்வியிலேயே இருக்கிறது. நேரம்தான் வேறு. "மெதுவான பயணத்தின் நேரம், வேகமான பயணத்தின் நேரத்தோடு ஒரு மணித்தியாலம் கூட்டியதற்குச் சமன்." இந்த வசனத்தைப் பிள்ளை தன் வாயால் சொல்லிவிட்டால் கணக்கின் பாதி முடிந்தது.

இப்போது ஷைஃ. வேனின் கதியை "க" என்போம். மெதுவான பயணத்தின் நேரம் 120/க. வேகமான பயணத்தின் நேரம் 120/(க + 10). வசனத்தை அப்படியே எழுதினால்:

120/க = 120/(க + 10) + 1

பின்னங்களை நீக்க இரண்டு பக்கத்தையும் க(க + 10)ஆல் பெருக்குவோம்.

120க + 1200 = 120க + க² + 10க

இரண்டு பக்கத்திலும் 120க நிற்கிறது. நேருக்கு நேர் வைத்து நீக்குங்கள். இதுதான் அல்-முகாபலா. மிஞ்சுவது:

க² + 10க = 1200

ஞாபகம் வருகிறதா? ஒரு வர்க்கமும் அதன் மூலத்தின் பத்து மடங்கும். அல்-குவாரிஸ்மியின் உதாரணத்தில் 39, இங்கே 1200. அவ்வளவுதான் வித்தியாசம். அவர் சொன்ன வழியிலேயே போவோம். பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. 1200உடன் கூட்டினால் 1225. அதன் வர்க்கமூலம் 35. அதிலிருந்து அந்த 5ஐக் கழித்தால் 30. வேனின் கதி மணிக்கு 30 கிலோமீற்றர். சரிபார்ப்போம்: மணிக்கு 30இல் 4 மணித்தியாலம், 40இல் 3 மணித்தியாலம். வித்தியாசம் ஒன்று.

காரணிப்படுத்திச் செய்யும் பிள்ளைக்கு -40 என்று இன்னொரு விடையும் வரும். அல்-குவாரிஸ்மி மறை எண்களை விடையாக எடுத்ததில்லை. நாம் எடுக்கிறோம், ஆனால் இந்தக் கணக்கில் கதி மறையாக இருக்க முடியாது என்று ஒரு வரி எழுதித் தள்ளிவிடுகிறோம். அந்த ஒரு வரியும் வசனத்துக்குத் திரும்பிப் போவதுதான்.

கணிதம் சித்தியடையாததால் உயர்தரத்துக்குப் போக முடியாமல் நின்றுபோகும் பிள்ளைகள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களில் பலருக்குக் கணிதம் வராது என்று முத்திரை குத்திவிட்டோம். உண்மையில் அவர்களுக்கு வராமல் இருப்பது வாசிப்பு. ஆகவே ஆசிரிய நண்பர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். வசனக் கணக்கு ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்தால், உடனே "சமன்பாட்டை எழுது" என்று சொல்லாதீர்கள். முதலில் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். யார் போகிறார், யார் வருகிறார், எப்போது புறப்பட்டார். ஒரு கோடு கீறிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: எது எதற்குச் சமன்?

துரத்திப் பிடித்தால், இருவரும் ஒரே இடத்திலிருந்து போன தூரம் சமன். எதிரெதிரே வந்து சந்தித்தால், இருவர் போன தூரத்தின் கூட்டுத்தொகை மொத்தத் தூரத்துக்குச் சமன். பிந்தினால் அல்லது முந்தினால், ஒரு நேரம் மற்ற நேரத்தோடு வித்தியாசத்தைக் கூட்டியதற்குச் சமன். வகுப்பில் வரும் கணக்குகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

கடைசியாக, இன்றிரவு பிள்ளைகளோடு இருந்து செய்து பார்க்க, அந்தச் சீன நூலிலிருந்தே இன்னொரு கணக்கு. காட்டுத் தாரா ஒன்று தென்கடலிலிருந்து வடகடலுக்கு 7 நாளில் பறந்து போகும். காட்டு வாத்து ஒன்று வடகடலிலிருந்து தென்கடலுக்கு 9 நாளில் பறந்து வரும். இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் எத்தனை நாளில் சந்திக்கும்?

"தூரம் தரவில்லையே" என்று பிள்ளை சொல்லும். விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு நாளில் தாரா முழு வழியில் எத்தனை பங்கு பறக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு, கொஞ்சம் காத்திருங்கள்.